ஒற்றைத் தலை லேத் மெசின்

என் கணவர் தயாபரனுக்கு இடது கை இருக்கிறது. நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. கடைசிச் சண்டையில் மாத்தளனில் பட்ட ஷெல் துண்டு முழங்கைக்குக் கீழே நரம்பை அறுத்துவிட்டது. விரல்கள் உள்ளுக்கு மடங்கியபடி அப்படியே நின்றுவிட்டன. தேத்தண்ணிக் கோப்பையை அந்தக் கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அணைத்துப் பிடிப்பார். அதற்கு மேல் அந்தக் கையால் ஒரு வேலையும் ஆகாது.

அதற்கு முதல் இவர் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் சவுக்காரம் வந்து சேர்வதே பெரும் பாடு. உடைந்த குடுவைக்குப் புதுக் குடுவை எங்கே வாங்குவது? இவர் யாழ்ப்பாணத்தில் கண்ணாடி வேலை தெரிந்த ஒருவரிடம் ஆறு மாதம் நின்று பழகிவிட்டு வந்து, உடைந்ததையெல்லாம் தானே நெருப்பில் இளக்கி ஒட்டினார். இவர் ஒட்டிக் கொடுத்த சாமான்களில் படித்த பிள்ளைகள் இன்றைக்கு எங்கெங்கோ டொக்டராக இருக்கிறார்கள். ஒருவருக்கும் இவரைத் தெரியாது. அது இவருக்கு ஒரு குறையாகவும் இருந்ததில்லை.

செட்டிகுளம் முகாமிலிருந்து நாங்கள் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அது அவர்களுடைய பிழை இல்லை. ஒரு கையால் என்ன செய்வது? இவர் படலைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். ஏழு வருடம் இருந்தார். குடிக்கவில்லை, ஏசவில்லை, அழவும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவார். சாப்பிட்டதும் திரும்பப் போய் இருப்பார். அந்த ஏழு வருடத்தைச் சொல்லாமல் விட்டால், பிறகு நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது வாசிக்கிறவர்களுக்கு விளங்காது.

பத்மாசனி ரீச்சர் இரசாயனம் படிப்பிக்கிறவர். ஒரு நாள் பின்னேரம் அவர் பேப்பரில் சுற்றிய ஒரு சாமானைக் கொண்டுவந்தார். ஆவியைக் குளிர வைத்துத் தண்ணீராக்குகிற ஒடுக்கி என்ற கண்ணாடிக் குழாய். அதன் பக்கவாட்டுக் குழாய் முறிந்திருந்தது. சரிவராவிட்டால் எறிந்துவிடலாம் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். இவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். பிறகு குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

“இஞ்சேரும். இதில ஒரு அந்தத்தைப் பிடிச்சு, நான் உருட்டுற மாதிரி உருட்ட ஏலுமோ எண்டு பாரும்.”

இரண்டு கண்ணாடிக் குழாயை ஒட்டுவது என்றால், மேசையில் நெருப்பை நிற்பாட்டி, இரண்டின் நுனியையும் அதில் காட்டி, விடாமல் உருட்ட வேண்டும். நிற்பாட்டினால் இளகிய கண்ணாடி தேன் போலக் கீழே தொங்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் உருளவும் வேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் ஒட்டின இடம் கயிறு மாதிரி முறுகும். முறுகினது சில வேளை கண்ணுக்குத் தெரியாது. ஆறி, நல்ல சாமான் மாதிரி இருந்து, பிறகு ஒரு நாள் சூடு பட்டதும் வெடிக்கும். மற்றவர்கள் தங்கள் இரண்டு கையாலும் செய்கிற இந்த வேலையை, இவர் தன் வலது கையாலும் என் வலது கையாலும் செய்தார்.

ஒட்டின இடம் உள்ளுக்கு ஒடுங்காமல் இருக்க ஒரு ரப்பர் குழாயால் மெல்ல ஊதிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் வேகம் சொல்ல இவருக்கு வாய் ஒழியாது. நான்தான் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எனக்கு வேறு கணக்கு வராது. ந, ம, சி, வா, ய என்று ஐந்தெழுத்தைச் சொல்லுவேன். ஐந்தெழுத்துக்குக் குழாய் ஒரு சுற்று. வேலை முடிந்ததும் உமிச் சாம்பல் நிறைந்த பேணிக்குள் சூட்டோடு புதைத்து, மெல்ல ஆறவிட்டு, அடுத்த நாள்தான் எடுப்போம். முதல் ஒடுக்கியை நாங்கள் மூன்று தரம் கெடுத்தோம். நாலாம் தரம் அது ஒட்டியது. சாம்பலுக்குள் இருந்து எடுத்துத் துடைத்தபோது இவர் சிரித்தார். முகாமுக்குப் போன பிறகு இவர் பல்லுத் தெரியச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அதன் பிறகு கதிரை மேசையடிக்கு வந்துவிட்டது. நாலைந்து பள்ளிக்கூடங்களும் ரியூசன் கொட்டில்களும் சாமான் அனுப்பத் தொடங்கின. பெரிய வருமானம் என்று சொல்லமாட்டேன். ஆனால் காலையில் எழும்பி முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு, “இண்டைக்கு எத்தினை கிடக்குது?” என்று கேட்கிற ஆள் எனக்குத் திரும்பக் கிடைத்தார்.

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கிளினிக்குக்கு ஒரு மாதம் போனால் இரண்டு மாதம் போகமாட்டேன். போகிற அன்றைக்கும் நாலு நாள் பத்தியம் இருந்துவிட்டுப் போவேன். ஒரு நாள் பிள்ளையார் கோயிலுக்குப் போகும்போது ஒரு கால் செருப்பு வழியில் கழன்றுவிட்டது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் ஒரு காலில் அது இல்லை என்று கண்டேன். அவ்வளவு தூரம் வெறுங்காலால் கல்லில் நடந்தது எனக்குத் தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல அந்த விறைப்பு விரல்களுக்கும் வந்தது. சாமிக்கு மாலை கட்டும்போது ஊசி குத்துவது தெரியாது. பூவில் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் கையைப் பார்ப்பேன். அந்தப் பூவை எறிந்துவிட்டு வேறு பூ எடுப்பேன்.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே நெருப்பை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். பிறகு திரும்பி வந்து படலையடியில் இருப்பார். எனக்கு அந்தக் கதிரையை நினைக்கப் பயமாக இருந்தது.

அந்த வருடத்து வைகாசிப் பொங்கலில் வற்றாப்பளை அம்மாளுக்குக் கற்பூரச் சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். இவருடைய தொழில் நிலைக்க வேண்டும் என்ற நேர்த்திதான். சட்டிக்குள் கற்பூரம் எரிய, அதை வேப்பிலை வைத்த உள்ளங்கையில் ஏந்திக் கோயிலைச் சுற்ற வேண்டும். மற்றப் பெண்கள் வேப்பிலையைக் கூட்டி வைத்துக் கை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். என் வேப்பிலை கருகி உதிர்ந்துவிட்டது. எனக்குச் சுடவில்லை. மூன்று சுற்றும் ஒரே கையில் கொண்டுவந்தேன். அம்மாள் அவவின்ர கையில நிக்கிறா என்று யாரோ சொல்ல, பக்கத்தில் நின்ற பெண்கள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் அழுதுவிட்டேன். இவரும் கண்ணைத் துடைத்தார்.

அடுத்த நாள் உள்ளங்கையில் ஒரு கொப்புளம் இருந்தது. அதை மஞ்சள் பூசி மறைத்துவிட்டேன்.

அம்மாள் எனக்கு இரங்கினவர் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். கை விறைப்பு அந்தப் பொங்கலுக்கு முதலே இருந்தது என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். இரண்டும் என் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றைக் கொண்டு மற்றதை மூடிக்கொண்டேன்.

போன வருடம் பத்மாசனி ரீச்சர் ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்தார். நாலு பள்ளிக்கூடத்துச் சாமான், முப்பத்திரண்டு உருப்படி. விலையெல்லாம் ஏறின பிறகு புதிது வாங்க ஒருவருக்கும் வழியில்லை. ஆறு கிழமையில் செய்முறைப் பரீட்சை. இதைச் சரியாகச் செய்து கொடுத்தால் கல்வி வலயத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றின் வேலையும் இவரிடம் வரும் என்றார். பிள்ளைகள் நெருப்பில் வைத்துப் பாவிக்கிற சாமான், பிழைத்தால் பிறகு ஒருவரும் தரமாட்டார்கள் என்றும் சொன்னார்.

முதல் ஆறை ஒட்டிக் கொடுத்தோம். ஆய்வுகூடத்தில் பரிசோதித்துப் பார்க்கும்போதே மூன்று வெடித்துவிட்டது. ரீச்சர் ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. துண்டுகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இவர் ஒவ்வொரு துண்டாக எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். எல்லாம் முறுகித்தான் இருந்தன. பிறகு தன் வலது கையை நீட்டி, அது நடுங்குகிறதா என்று பார்த்தார்.

“என்ர கைதான் பிழைக்குது,” என்றார். “வயசு போட்டுது.”

அவருடைய கை நடுங்கவில்லை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவுவதை நிறுத்தவில்லை.

அடுத்த நாளே, சாமானைக் கவ்விப் பிடித்துச் சுழற்றுகிற லேத் மெசினின் கதை தொடங்கியது. தான் பிடிக்கிற பக்கத்தை மெசின் உருட்டினால், தான் நெருப்பைக் கையில் எடுத்துத் தேவையான இடத்தில் மட்டும் காட்டலாம், பிழை வராது என்றார். தன் கைக்குப் பதிலாகத்தான் மெசின் தேடினார். என் கையைப் பற்றி இவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

எங்கள் மகள் அனோஜா செட்டிகுளத்தில் கலியாணம் செய்து இருக்கிறாள். அவளுடைய வீட்டில் போய் நின்றுதான் மெசின் பார்த்தோம். அனோஜா போனில் கண்ணாடி வேலைக்கென்றே செய்த சின்ன லேத் ஒன்றைக் காட்டினாள். சீனாவில் இருந்து வர வேண்டும். மேசையில் வைக்கிற அளவுதான், இரண்டு பக்கமும் தலை, பார்க்க அழகாக இருந்தது. விலையைக் கேட்டால் ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் வாங்கி அதற்குப் பெட்டியும் பூட்டலாம்.

“இதை வேண்டக் காசிருந்தால் நான் ஏன் பிள்ளை ஆற்றையோ உடைஞ்ச போத்திலை ஒட்டிக்கொண்டிருக்கிறன்,” என்று இவர் சிரித்தார்.

அங்கே தச்சு வேலை செய்கிற ஒருவரிடம் கதிரைக் கால் கடைகிற லேத் இருந்தது. மலிவாகத் தருவதாகச் சொன்னார். இவர் அதன் சுழலும் தண்டின் பின்பக்கம் குனிந்து வாயை வைத்து ஊதிப் பார்த்தார். தண்டுக்குள் துவாரம் இல்லை. ஊத வழியில்லாத மெசினால் கண்ணாடிக்குப் பயனில்லை. அதோடு அது ஓடுகிற வேகத்துக்கு இளகிய கண்ணாடி சுவரில்தான் போய் ஒட்டும் என்றார். வவுனியாவில் ஒரு கராச்சில் இரும்பு கடைகிற பழைய லேத் ஒன்றைப் பார்த்தோம். நல்ல சாமான், துவாரமும் இருந்தது. ஆனால் அதைத் தூக்க எட்டுப் பேர் வேண்டும், எங்கள் வீட்டுக் கரண்டும் அதற்குக் காணாது.

கடைசியாகத்தான் அப்புத்துரை அண்ணையிடம் போனோம். வவுனியா நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே, வீட்டு வளவிலேயே தகரக் கொட்டில் போட்டு லேத் வேலை செய்கிற எழுபது வயது மனிதர். அவரிடம் சின்ன மெசின் ஒன்று இருந்தது. அவரே பழைய தண்டவாளத் துண்டில் அடித்தளம் போட்டு, தையல் மெசின் மோட்டர் பூட்டிச் செய்தது. காலால் மிதித்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு ஆள் தூக்கலாம். தண்டு வெறும் குழாய்தான், ஊதினால் மறுபக்கத்தில் காற்று வந்தது. இவர் மெசினில் குழாயைக் கவ்விப் பிடிக்கிற வாய்க்குள் ஒரு ஈர்க்கைச் செருகி மோட்டரை ஓடவிட்டு, ஈர்க்கின் நுனி ஆடுகிறதா என்று குந்தியிருந்து பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தது போதாதென்று சுற்றிப் போய் மற்றப் பக்கமும் பார்த்தார்.

“பொம்பிளை பாக்க வந்தவன் மாதிரிச் சுத்திச் சுத்திப் பாக்கிறாய் தம்பி. வேண்டுற யோசனை இருக்கோ?” என்றார் அப்புத்துரை அண்ணை.

“பொம்பிளை பாக்கேக்க நான் இவ்வளவு பாக்கேல்லை அண்ணை.”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கண்ணாடிக்கு என்று கேட்டதும் அப்புத்துரை அண்ணையின் முகம் மாறியது. இந்த மெசினுக்கு ஒரு தலைதான், மற்றப் பக்கத்தில் குழாய் படுக்க ஒரு கவை மட்டும் இருக்கிறது, கண்ணாடிக்கு அது சரிவராது என்றார். இரண்டு தலை வேண்டும், இரண்டையும் கீழே ஒரு தண்டு ஒரே நேரத்தில் சுழற்ற வேண்டும். அப்போதுதான் முறுகாது. மற்றத் தலையைத் தானே செய்து தருவதாகவும் சொன்னார். சாமான் கொழும்பில் இருந்து வந்து சேர மூன்று மாதம் ஆகும். செலவும் இரட்டிப்பாகும்.

மூன்று மாதம் என்றதும் இவர் தலையை ஆட்டினார். பரீட்சை அதற்குள் முடிந்துவிடும். ரீச்சர் பெட்டியைத் திருப்பி எடுத்துவிடுவார்.

“அப்ப மற்றப் பக்கத்தை ஆர் சுத்திறது?” என்று அப்புத்துரை அண்ணை கேட்டார்.

“இவா இருக்கிறா.”

“மனிசற்ற கை மெசினுக்கு ஈடு குடுக்காது தம்பி.”

“வற்றாப்பளையில நெருப்புச் சட்டியை மூண்டு சுத்து ஒரே கையில கொண்டு வந்தவா, அண்ணை. ஒரு அடையாளம் இல்லை. அந்தக் கைக்கு உங்கட மோட்டர் ஈடு குடுக்குமோ எண்டு கேளுங்கோ.”

இவர் யாரிடமும் பெருமை பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார். என் கையைப் பற்றித்தான் பேசினார். அப்புத்துரை அண்ணை என் பக்கம் திரும்பினார். எண்ணெய்த் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“என்ன பிள்ளை, உனக்கு ஏலுமோ?”

அந்த நேரம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அங்கே நெருப்பு இல்லை, கண்ணாடி இல்லை, ஒருவரும் என்னை வெருட்டவும் இல்லை. மூன்று பேரும் வளவில் கட்டியிருந்த ஒரு ஆடும்தான் நின்றோம். இவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. என்ன சொல்லுவேன் என்று இவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில், மெசினைத் தூக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம். ஏலும்,” என்றேன்.

மெசினை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தோம். நல்ல நாள் பார்த்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் பூசினோம். இவர் மெசினின் கவ்வுகிற வாய்க்குக் கல்நார் நாடா சுற்றினார். மிதிக்கிற கட்டைக்குக் கீழே ஒரு செங்கல் துண்டை வைத்து வேகத்தை ஒரு அளவில் நிறுத்தினார். நான் மற்றப் பக்கத்தில் குழாயின் அந்தத்தைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு ஐந்தெழுத்தைத் தொடங்கினேன்.

முதல் குழாய் முறுகியது. இரண்டாவதும் முறுகியது. கை பழக நாள் செல்லும் என்று இவர் சொன்னார்.

எனக்கு அப்போது ஒரு விசயம் விளங்கியது. இத்தனை நாளும் நான் பிந்தின நேரமெல்லாம் இவருடைய கை எனக்காகக் காத்திருந்திருக்கிறது. தன்னை அறியாமலே என் கைக்குத் தன் கையைச் சரிசெய்துகொண்டு வந்திருக்கிறார். அப்படி இருந்தும் முறுகினதைத் தன் பிழை என்று நினைத்தார். மோட்டர் ஒருவருக்கும் காத்திருப்பதில்லை. அது தன் பாட்டில் சுழன்றது. நான் பிந்தினால் பிந்தினதுதான்.

விரலால் அறிய முடியாததைக் கண்ணால் அறியலாம் என்று யோசித்தேன். மெசின் பக்கத்துக் குழாயில் ஒரு குங்குமப் பொட்டு, என் பக்கத்துக் குழாயில் ஒரு பொட்டு. இரண்டு பொட்டும் ஒன்றாக மேலே வந்தால் சரி. எதற்குப் பொட்டு என்று இவர் கேட்டார். சாமிக்கு என்றேன். அதுவும் பொய். ஆனால் அதற்குப் பிறகு வேலை திருந்தியது. பத்து உருப்படி நல்லதாக வந்தது. ரீச்சர் சூடு காட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வெடிக்கவில்லை என்று ஆள் விட்டுச் சொன்னார். இவர் அன்றைக்குத் தானே போய் மீன் வாங்கி வந்தார்.

பதினோராவது ஒரு குடுவையின் கழுத்து. கட்டையான துண்டு. நெருப்புக்கும் என் விரலுக்கும் நடுவில் நாலு விரற்கடை தூரம்தான் இருந்தது. துண்டு கட்டை என்பதால் துணி சுற்ற இடமில்லை, வெறும் விரலால் பிடித்திருந்தேன். இவர் ரப்பர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, வலது கையில் நெருப்போடு, ஒட்டுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டு வடிவாகத் தெரிய வேண்டும் என்று கிட்டக் கிட்டப் போயிருக்கிறேன். கையும் என்னோடு போயிருக்கிறது. என் கையை நான் பார்க்கவில்லை.

முதலில் மணத்தை உணர்ந்தவர் இவர்தான். வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டு, என்ன மணம் என்று கேட்டார். மேசையில் கிடந்த துணி எரிகிறதாக்கும் என்று சொல்லிக்கொண்டே நான் உருட்டினேன். இவர் என் கையைப் பார்த்தார்.

“ஈஸ்வரி, கையை விடும்.”

இவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. சிவனேஸ்வரி என்ற பேரில் பாதியைச் சொல்லி என்னைக் கூப்பிட்டது கலியாணமான புதிதில்தான். நான் விடவில்லை. விட்டால் ஒட்டினது கெட்டுப்போகும்.

“எனக்கு ஒண்டும் சுடேல்லையப்பா,” என்றேன்.

இவர் காஸை மூடினார். பிறகு மோட்டரை நிற்பாட்டினார். பிறகு அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். நான் சொன்னதை நானே கேட்டது அப்போதுதான். மூன்று விரலும் கண்ணாடியில் ஒட்டியிருந்தன.

ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் இருந்தேன். சீனி கூடியிருந்ததால் புண் ஆறவில்லை, கறுத்துக்கொண்டு மேலே வந்தது. வலது கையில் நடுவிரலையும் சுட்டுவிரலையும் எடுத்தார்கள். பெருவிரல் மிஞ்சியது, ஆனால் மடங்காது. எவ்வளவு காலமாக உணர்ச்சி இல்லை என்று டொக்டர் அம்மா கேட்டபோது, கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இவர் பக்கத்தில் நின்றார். மூன்று வருடம் என்று சொன்னேன். இவர் முன்னால் பொய் சொல்ல இனி எனக்குத் தெம்பு இருக்கவில்லை. காலையும் பார்க்க வேண்டும் என்று டொக்டர் அம்மா சொன்னார். வீட்டில் ஒருவர் ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், முள்ளுக் குத்தினாலும் இவவுக்குத் தெரியாது என்று இவருக்கு விளங்கப்படுத்தினார்.

வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸுக்குள் இவர் மெல்லக் கேட்டார்.

“சட்டி தூக்கேக்க உமக்குத் தெரியும்?”

“தெரியும்.”

“அப்புத்துரை அண்ணை கேக்கேக்கயும்?”

“ஓம்.”

ஏசினால் ஆறுதலாக இருந்திருக்கும். யன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது என் பையையும் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

மிச்ச இருபத்தாறில் பத்தும் போனது போக, ஒட்டாத பதினாறு சாமானையும் இவர் பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கி ரீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்தப் பதினோராவதையும் உடைந்தபடியே வைத்திருந்தார். ரீச்சர் என்ன நடந்தது என்று கேட்டாராம். தன் கை இனி ஏலாது என்று இவர் சொல்லிவிட்டுப் போனதாக ரீச்சர் பிறகு என்னிடம் சொன்னார். அங்கேயும் தன் கையைத்தான் சொன்னார்.

அப்புத்துரை அண்ணை கேள்விப்பட்டு வந்தார். என் கைக்கட்டைப் பார்த்தார். பிறகு, மற்றத் தலையைச் செய்து பூட்டித் தருவதாகவும், காசு பற்றிப் பிறகு கதைக்கலாம் என்றும் இவரிடம் சொன்னார். அது நடந்தால் இவருக்கு என் கை தேவையில்லை. மெசின் இரண்டு பக்கமும் உருட்டும், இவர் ஒரு கையால் நெருப்பைப் பிடிக்கலாம். முதலிலேயே வாங்கியிருக்க வேண்டிய மெசின் அதுதான். செய்யுங்கோ என்று நான் கெஞ்சினேன். அப்புத்துரை அண்ணைக்கு முன்னாலேயே கெஞ்சினேன்.

“வேண்டாம் அண்ணை,” என்றார் இவர். “நெருப்பை மூட்டினால் எனக்கு அந்த மணம்தான் வருது. ரெண்டு நாள் மூட்டிப் பாத்தனான்.”

மூட்டிப் பார்த்தது எனக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செய்திருக்க வேண்டும். அப்புத்துரை அண்ணை மெசினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். சந்தனப் பொட்டு அதில் காய்ந்தபடி இருந்தது. நாங்கள் கொடுத்த காசில் ஒரு பங்கை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இப்போது இவர்தான் சமைக்கிறார். ஒரு கையால் அரிசி கழுவி, ஒரு கையால் கறி வெட்டுகிறார். தேங்காய் துருவ மட்டும் பக்கத்து வீட்டில் கொடுப்போம். அம்மாளுக்கு விளக்கு வைப்பதை நான் விடவில்லை. இடது கையால் திரி போடப் பழகிவிட்டேன். இவர் சாமி அறைக்கு வந்து திருநீறு எடுக்கிறார், பூசுகிறார். முன்பு போல நின்று கும்பிடுவதில்லை. நான் கேட்கவில்லை. என் பங்குக்கு இவருக்காகவும் சேர்த்துக் கும்பிடுகிறேன்.

பின்னேரம் விளக்கு வைத்த பிறகு என்னைக் கட்டிலில் இருக்கச் சொல்லுவார். முன்னால் நிலத்தில் குந்தி, என் காலை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முழங்காலில் வைத்து, உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் ரோச் அடித்துப் பார்ப்பார். போன கிழமை, இன்றைக்குப் பார்க்கத் தேவையில்லை, ஒரு இடமும் நோகவில்லை என்று சொன்னேன். இவர் காலை விடவில்லை. ரோச்சை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.